பிசிறுத் தோல் பூட்ஸ்: கழுவுவதும் எண்ணெய் போடுவதும்

மழை தொடங்கியதில் இருந்து மேலே குட்டை இழைகள் பிசிறாக நிற்கும் சொரசொரப்பான தோல் வேலைப் பூட்ஸைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். அதற்கு முன் எல்லோருக்கும் ஒரு விஷயம்: பூட்ஸ் பராமரிப்புப் புத்தகங்களும் எண்ணெய் டப்பாக்களும் சொல்கிற அளவுக்குக் கொழும்பில் எண்ணெய், கிறீம் தேவையே இல்லை. குளிர்நாட்டில் தோல் வறண்டு வெடிக்கும். இங்கே அதைக் கெடுப்பது ஈரம். ஆகவே உங்கள் கை முதலில் போக வேண்டியது பிரஷுக்கு.

என் பூட்ஸ் சுவேட் என்கிறார் கடைக்காரர். பெட்டியில் ரஃப் அவுட் என்று இருக்கிறது. எது சரி அண்ணா? (கொட்டாஞ்சேனை)

லேஸுக்குக் கீழே இருக்கும் பூட்ஸின் நாக்கைப் புரட்டிப் பாருங்கள் தம்பி. உள்ளே துணி ஒட்டாமல், தோல் வழவழப்பாக இருந்தால் ரஃப் அவுட். முழுத் தோலையும் திருப்பிப் போட்டு, தசைப்பக்கம் வெளியே வரும்படி தைத்தது. சுவேட் பெரும்பாலும் தோலைக் கிடையாகப் பிளந்து எடுத்த கீழ்ப்படலம். அதனால் வலு குறைவு. நுபக் என்பது வெளிப்பக்கத்தையே உரசி எடுத்தது, அதன் பிசிறு மிகக் குட்டை. ரஃப் அவுட் முரட்டு வேலைக்கே பிறந்த தோல். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையின் 1943 மாதிரி பூட்ஸ் இப்படித் தைத்ததுதான். கீறல் விழுந்தாலும் பிரஷ் போட்டால் மறைந்துவிடும்.

துறைமுக நகரத்தில் கட்டட வேலை. சீமெந்து காய்ந்து பூட்ஸ் வெள்ளையாகிவிட்டது. தண்ணீரில் ஊறவைத்தால் போகுமா?

தயவுசெய்து ஊறவைக்க வேண்டாம். ஈரச் சீமெந்து கடும் காரம், அதன் பிஎச் 12ஐத் தாண்டும். தோலோ சற்று அமிலத் தன்மையோடு பதனிடப்பட்டது. காய்ந்த சீமெந்தை நனைத்தால் காரம் திரும்பவும் உயிர் பெற்று இழைகளுக்குள் இறங்கும். சீமெந்து பட்ட பூட்ஸ் சில மாதத்திலேயே மடிப்பில் வெடிப்பதற்கு இதுதான் காரணம்.

முதலில் முழுக்கக் காயவிடுங்கள். லேஸைக் கழற்றிவிட்டு, விறைப்பான நைலோன் பிரஷால் தூளை உதறுங்கள். கட்டியாக இருப்பதை மரக்குச்சியால் கிளப்புங்கள், கத்தி வேண்டாம். அப்புறம் நிறமில்லாத வினாகிரி ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு கலந்து, பிழிந்த துணியால் ஒற்றி எடுங்கள். கள்ளில் இருந்து எடுத்த வினாகிரி சாயம் பிடிக்கலாம், அதைத் தவிருங்கள். கடைசியாக வெறும் தண்ணீர்த் துணியால் ஒருமுறை துடைத்து நிழலில் வையுங்கள். வேலை முடிந்து வந்த அன்றே பிரஷ் போட்டுவிட்டால் இவ்வளவு பாடு வராது. வியர்வை உப்பு பூத்த வெள்ளைக் கோட்டுக்கும் இதே வினாகிரித் தண்ணீர் போதும்.

அம்மா தேங்காய் எண்ணெய் பூசச் சொல்கிறார். பூசலாமா? (வெள்ளவத்தை)

அம்மா சொன்னது பழைய வழுவழுச் செருப்புக்குப் பொருந்தும் தங்கச்சி, இதற்குப் பொருந்தாது. தேங்காய் எண்ணெய் 24 பாகை அளவிலேயே உருகிவிடும், கொழும்பில் அது பெரும்பாலும் திரவம். பூசியதும் உள்ளே ஓடி, பிசிறை ஒட்டவைத்து, நிறத்தைக் கறுப்பாக்கி, அடி ஒட்டிய பசை வரைக்கும் போகும். பிறகு தூசி அதில் அப்பிக்கொள்ளும்.

மடிக்கும்போது தோல் விறைப்பாக இருந்து மடிப்புக் கோட்டில் வெளிறினால் மட்டும் கவனியுங்கள். சுவேட், நுபக்குக்கு என்றே வரும் ஸ்பிரே கண்டிஷனரை மெல்லிசாக அடித்து, காய்ந்ததும் பிரஷால் பிசிறை எழுப்புங்கள். முதலில் நாக்கின் கீழ்ப்பகுதியில் அடித்து நிறம் மாறுகிறதா என்று பாருங்கள்.

அலுமாரியில் இருந்த பூட்ஸில் பச்சையாகப் பூஞ்சணம். எறியவா? (தெஹிவளை)

எறிய வேண்டாம் அக்கா. மாஸ்க் கட்டிக்கொண்டு வெளியே கொண்டுபோய்ப் பிரஷ் போடுங்கள், வீட்டுக்குள் தட்டினால் பூஞ்சண விதைகள் மற்றத் தோலிலும் போய் இருக்கும். பார்மசியில் கிடைக்கும் நிறமற்ற சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் தண்ணீரும் சம அளவில் கலந்து, துணியில் நனைத்து உள்ளும் புறமும் துடையுங்கள். இதையும் மறைவான இடத்தில் பரீட்சித்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். உள் அட்டையைக் கழற்றித் தனியாகக் காயவையுங்கள். திரும்பவும் பொலித்தீன் பையில் கட்டி வைத்தால் இரண்டு கிழமையில் பூஞ்சணம் மறுபடி நிற்கும். திறந்த தட்டில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள்.

நனைந்த பூட்ஸை ஹெயார் டிரையரால் காயவைக்கலாமா?

கூடாது, வெயிலும் கூடாது. சூடு தோலைச் சுருக்கி விறைக்கவைக்கும். பழைய பேப்பரைத் திணித்து, ஈரமானதும் மாற்றி, ஃபேன் காற்றில் விடுங்கள். பாதி காய்ந்திருக்கும்போது ஒருமுறை, முழுக்கக் காய்ந்ததும் ஒருமுறை பிரஷ் போடுங்கள்.

கராஜில் எஞ்சின் ஒயில் சொட்டிவிட்டது.

தேய்க்காதீர்கள். கோன் ஃபிளவர் மாவைக் குவித்து ஓர் இரவு விட்டு உதறுங்கள். இரண்டு மூன்று தடவை செய்யலாம். மங்கலாக மிஞ்சினால் விட்டுவிடுங்கள். பெற்றோல் போட்டால் கறை பரவும், சாயமும் கழலும்.

மெழுகு ஏற்றினால் தண்ணீர் உள்ளே போகாதாமே?

பெரும்பாலும் உண்மைதான். ஆனால் மெழுகு ஏற்றிய பிசிறு திரும்ப வராது, அது ஒருவழிப் பாதை. நாளெல்லாம் சேற்றில் நிற்கும் வேலை என்றால் தயங்காமல் ஏற்றுங்கள், அந்த அமெரிக்க பூட்ஸுக்கும் சிப்பாய்கள் டபின் என்ற மெழுகும் கொழுப்பும் கலந்த பூச்சைப் பூசித்தான் நடந்தார்கள். ஒஃபிஸ், சைட் இரண்டுக்கும் போடுகிறவர்கள் நீர்விலக்கும் ஸ்பிரே அடித்தால் போதும். அதைக் கட்டாயம் வெளியில் நின்று அடியுங்கள், அந்தப் புகை நுரையீரலுக்கு நல்லதில்லை. வெல்டிங் செய்கிறவர்கள் மெழுகோ எண்ணெயோ பூசவே வேண்டாம். தீப்பொறி விழும் இடம் அது.

கட்டாரில் இருந்து மாமா கொண்டுவந்த புதுப் பூட்ஸ். நாலு வருடம் போடவே இல்லை. இப்போது அடி பொடிப் பொடியாக உதிர்கிறது.

அது பொலியுரீதேன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த அடி. காற்றின் ஈரம் அதை மெல்ல மெல்லச் சிதைக்கும், பெட்டியில் இருந்தாலும் தப்பாது. எந்தப் பசையாலும் ஒட்ட முடியாது. மேல்தோல் நன்றாக இருந்தால் சப்பாத்துத் தைப்பவரிடம் கொடுத்துப் பழைய அடியை முழுக்க எடுத்துவிட்டு ரப்பர் அடி போடச் சொல்லுங்கள். ஆனால் பாதுகாப்பு பூட்ஸ் என்றால், அடி மாற்றியதை ஆணி, கம்பி கிடக்கும் சைட்டுக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டாம் தம்பி. ஊருக்குப் போகவர வைத்துக்கொள்ளுங்கள், வேலைக்குப் புதிது வாங்குங்கள்.