மாணவர்களின் தூக்கமும் மனநிலையும்: மருத்துவர் பதில்கள்

கேள்வி: விடுதியில் இரவு இரண்டு மணிக்குப் படுத்து ஏழுக்கு எழுகிறேன். எல்லோர் மீதும் எரிந்து விழுகிறேன். காரணமின்றி அழுகை வருகிறது. மனநோயா?

பதில்: அந்த முடிவுக்கு அவசரப்பட்டு வராதீர்கள். உங்கள் வயதுக்கு 7 முதல் 9 மணி நேரத் தூக்கம் வேண்டும்; உங்களுக்குக் கிடைப்பது ஐந்து. அச்சத்தையும் கோபத்தையும் கிளப்பும் அமிக்டலா என்ற மூளைப் பகுதியை மூளையின் முன்பகுதி அடக்கி வைக்கிறது. தூக்கம் கெட்டால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், சுமார் 35 மணி நேரம் விழித்திருந்தவர்களுக்கு மனத்தைக் கலக்கும் படங்களைக் காட்டினார்கள். தூங்கியவர்களைவிட அவர்களின் அமிக்டலா 60 சதவீதம் அதிகமாகக் கிளர்ந்தது. இரண்டு வாரம் பதினொன்றரைக்குள் படுத்துப் பாருங்கள். மனம் தேறவில்லை என்றால் மனநல மருத்துவரிடம் செல்லுங்கள். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. உடனே அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள்.

கேள்வி: தேர்வுக்கு முந்தைய இரவு முழுக்க விழித்துப் படிக்கலாமா?

பதில்: வேண்டாம். படித்தது நினைவில் ஊன்றுவதற்கே தூக்கம் தேவை. விழித்த கண்ணோடு பைக்கும் ஓட்டாதீர்கள்.

கேள்வி: மதிய வகுப்பில் கண் சொக்குகிறது. மெஸ்ஸில் தயிர்சாதத்தை நிறுத்தட்டுமா?

பதில்: தயிர்சாதத்தின் மேல் பழி போடாதீர்கள். பிற்பகல் மந்தம் உடற்கடிகாரத்தின் இயல்பு, சாப்பிடாதவர்களுக்கும் வரும். வயிறு முட்டச் சாப்பிட்டால் கூடும்.

இன்னொருவர்: ஏற்க முடியாது, டாக்டர். சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறினேன். மதியத் தூக்கம் போய்விட்டது.

பதில்: இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்?

அவரே: அதே மாதத்திலிருந்து பத்தரைக்கு. ஆனாலும் சோறுதான் காரணம்.

பதில்: பத்தரைக்குப் படுப்பதை விட்டுவிட்டுச் சப்பாத்தியை மட்டும் ஒரு வாரம் தொடருங்கள், மதியத் தூக்கம் திரும்பி வந்துவிடும். தலைமுறை தலைமுறையாகச் சோறு உண்டு வயலில் பிற்பகல் முழுக்க உழைத்தவர்கள் நம் மக்கள். ஒரு வேளை உணவைக் குற்றம் சொல்லி ஐந்து மணி நேரத் தூக்கத்தை நியாயப்படுத்த விடமாட்டேன்.

கேள்வி: மாலை ஆறு மணிக்குக் காபி?

பதில்: அதிலுள்ள காஃபீனில் ஏறக்குறைய பாதி, இரவு பதினொன்றுக்கும் உடலில் இருக்கும். பிற்பகலோடு நிறுத்துங்கள்.

கேள்வி: ஒரே ஓர் இரவு மட்டும் விழித்துப் படித்தால்?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். இந்தக் கேள்விக்கு இனி பதில் எழுதமாட்டேன்.

கேள்வி: அறைத்தோழன் தூக்க மாத்திரை தருகிறான்.

பதில்: தொடாதீர்கள்.

கேள்வி: எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் தூங்கி வழிகிறேன்.

பதில்: இதற்கு மருத்துவரை நேரில் பார்க்க வேண்டும். குறட்டை விடுகிறீர்களா, மூச்சு நின்று நின்று வருகிறதா என்று அறைத்தோழரிடம் கேட்டுக்கொண்டு செல்லுங்கள். ரத்தசோகை, தைராய்டு பரிசோதனையும் தேவைப்படலாம். அதுவரை பைக் சாவியை நண்பரிடம் கொடுத்துவையுங்கள்.