கேரவன் கீசரை மாற்றுவது: கேள்வி பதில்

சாட்ஸ்வொர்த்திலிருந்து: அண்ணா, எங்கள் கேரவனின் கீசர் தொட்டி துருப்பிடித்து ஒழுகுகிறது. அமெரிக்காவிலிருந்து 23 லிட்டர் கீசர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

கொள்ளளவு மட்டும் ஒத்துவந்தால் போதாது. அந்நாட்டுச் சந்தைக்கென்று செய்த கீசரின் மின்காயில் பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கானது. தென்னாப்பிரிக்க முகாம்களில் கிடைக்கும் 230 வோல்ட்டில் அதை இணைத்தால், மும்மடங்குக்கும் கூடுதலான மின்திறனை இழுத்து விரைவில் எரிந்துபோகும். இது கேஸிலும் எரியும் கீசர் என்பதால், நம் கேஸ் ரெகுலேட்டரின் 2.8 கிலோபாஸ்கல் அழுத்தத்திற்கு அதன் பர்னர் ஏற்றதா என்பதையும் கீசரின் விவரத் தகட்டில் பாருங்கள். சுவரிலுள்ள திறப்பின் அகலம், உயரம், ஆழம் மூன்றையும் அளந்த பிறகே பணம் கட்டுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து: பழையதை நானே கழற்றிப் புதியதைப் பொருத்தலாமா, ஐயா?

கழற்றலாம், ஆனால் அவசரப்படக் கூடாது. மின்னிணைப்பைத் துண்டித்து, கேஸ் சிலிண்டரை மூடி, பம்பை நிறுத்தி, தண்ணீர் நன்றாக ஆறும்வரை காத்திருந்து, வெந்நீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றிய பின்னரே அடியிலுள்ள வடிகால் திருகில் ஸ்பானரை வைக்க வேண்டும். இல்லையெனில் கொதிநீர் முகத்தில் பீறிடும். வெளிச்சட்டத்தைச் சுற்றியுள்ள பழைய பசையை முழுவதும் சுரண்டிவிட்டுப் புதிய பியூட்டைல் டேப் (நீர் புகாமல் அடைக்கும் ரப்பர் பட்டை) ஒட்டுங்கள். இந்த இடத்தில் சோம்பல்பட்டால் மழைநீர் உள்ளே இறங்கி மரச்சட்டம் உளுத்துப்போகும்.

கேஸ் குழாயை இணைப்பதை மட்டும் பதிவுபெற்ற கேஸ் பணியாளரிடம் விட்டுவிட்டு, அவரிடம் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள் என்று வலியுறுத்திச் சொல்கிறேன். கசிந்த கேஸ் காற்றைவிடக் கனமானது. அது தரையோடு தேங்கும், பிள்ளைகள் படுப்பதும் அங்கேதான். ஆகவே தரையிலுள்ள காற்றுத் துளைகளைக் கம்பளத்தால் மூடிவிடாதீர்கள். இணைப்புகளைச் சோப்பு நீரால் சோதிக்க வேண்டும். தீக்குச்சியால் ஒருபோதும் சோதிக்கக் கூடாது.

டர்பன் ஃபீனிக்ஸிலிருந்து: புதிய கீசருக்கு மின்சாரம் கொடுத்ததும் காயில் எரிந்துவிட்டது. சரக்கே பழுதானதா?

தொட்டியில் தண்ணீர் இல்லாமல் இயக்கியிருக்கவே வாய்ப்பு அதிகம், அம்மா. பின்புறமுள்ள பைபாஸ் வால்வு, தண்ணீர் தொட்டிக்குள் போகாமல் நேரே குழாய்க்குப் போகும்படி திரும்பியிருந்தால் குழாயில் தண்ணீர் வந்தாலும் தொட்டி காலியாகவே இருக்கும். காயிலை மாற்றி, வால்வைச் சரியாகத் திருப்பி, வெந்நீர்க் குழாயில் காற்றுக் குமிழின்றித் தண்ணீர் சீராக வந்த பிறகே ஸ்விட்சைப் போடுங்கள்.

போர்ட் ஷெப்ஸ்டோனிலிருந்து: தண்ணீர் சூடாகும்போதெல்லாம் சேஃப்டி வால்வு சொட்டுகிறது. அடைத்துவிடலாமா?

அடைத்தால் தொட்டி வெடிக்கக்கூடும்; அதைச் செய்யவே வேண்டாம். சூடாகும் தண்ணீர் விரிவடைவதற்குத் தொட்டியின் மேற்பகுதியில் சிறிது காற்று நிற்க வேண்டும். அது நாளடைவில் தண்ணீரில் கரைந்துபோவதால்தான் வால்வு சொட்டுகிறது. கீசரை அணைத்து ஆறவிட்டு, பம்பை நிறுத்தி, வெந்நீர்க் குழாயைத் திறந்துவைத்து, வால்வின் நெம்புகோலைத் தூக்கித் தண்ணீர் நிற்கும்வரை வடியவிட்டால் காற்று மீண்டும் சேரும். அதன் பிறகும் சொட்டினால் வால்வையே மாற்றுங்கள்.

அதே வாசகர்: வெந்நீரில் அழுகிய முட்டை நாற்றம் வருகிறதே?

எஃகுத் தொட்டியிலுள்ள மக்னீசிய அனோட் கம்பியும், தேங்கிய நீரில் வளரும் பாக்டீரியாவும் சேர்ந்து உண்டாக்குவது அது. தொட்டியைக் கழுவி, பயணம் முடிந்ததும் தண்ணீரை வடித்துவிடுங்கள். கம்பியைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். அது கரைவதால்தான் தொட்டி துருப்பிடிக்காமல் நிற்கிறது. முக்கால் பங்கு கரைந்ததும் புதியது போடுங்கள்.