எஃப்-150: இழுக்கும், சரி. தாங்குமா?

டிரெய்லர் இழுக்க ஃபோர்டு எஃப்-150 பிக்கப் டிரக் வாங்கப் போகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை 'ஹெவி டியூட்டி பேலோட் பேக்கேஜ்' பற்றித்தான். பேலோட் என்றால் வண்டி தன் மேல் சுமக்கக்கூடிய எடை; அதைக் கூட்ட கம்பெனியே பொருத்தும் பாகங்களின் தொகுப்புதான் இந்த பேக்கேஜ். சிலவற்றுக்கு இங்கே பதில்.

இந்த வண்டி 12,000 பவுண்டு இழுக்கும் என்கிறார் டீலர். என் டிரெய்லர் 8,000 பவுண்டுதான். பேலோட் பேக்கேஜுக்கு எதற்குக் கூடுதல் பணம்?

12,000 என்பது இழுக்கும் கணக்கு. உங்களுக்கு இடிக்கப் போவது சுமக்கும் கணக்கு. டிரெய்லர் தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தை ஹிட்ச் (வண்டியோடு டிரெய்லரை இணைக்கும் கொக்கி) வழியாக வண்டியின் மேல் இறக்கும். 13 என்று வைத்தால் 1,040 பவுண்டு. ஹிட்ச் சாமான்கள் 100. நீங்கள் நால்வர், 600. பின்தொட்டியில் ஜெனரேட்டர், விறகு, ஐஸ்பெட்டி எல்லாம் சேர்த்து 200. ஆக மொத்தம் 1,940. வசதிகள் நிறைந்த நான்கு கதவு எஃப்-150 பலவற்றின் பேலோட் 1,500-ஐ ஒட்டியே நிற்கும். டிரெய்லரின் எடை இழுப்பு வரம்பை நெருங்கும் முன்பே வண்டியின் சுமை வரம்பு தாண்டிவிடுகிறது. டீலர் சொல்வது பொய் இல்லை. ஆனால் அந்த எண் போடும்போது ஓட்டுநரும் பக்கத்தில் ஒருவரும், ஆளுக்கு 150 பவுண்டு என்றுதான் கணக்கு. பிள்ளைகளும் விறகும் அதில் கிடையாது.

என் வண்டியின் பேலோட் எவ்வளவு என்று எங்கே பார்ப்பது?

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சள் பட்டை போட்ட ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று எழுதியிருக்கும். அந்த எண்ணை மட்டும் நம்புங்கள், விளம்பரப் புத்தகத்தை அல்ல. டேங்க் நிறைய பெட்ரோல் ஏற்கெனவே அதில் கழிக்கப்பட்டிருக்கும், ஓட்டுநர் கழிக்கப்பட்டிருக்க மாட்டார். பிறகு மாட்டிய தொட்டி மூடி, படிக்கட்டு எல்லாவற்றையும் நீங்கள்தான் கழிக்க வேண்டும்.

இந்த பேக்கேஜில் என்னதான் மாறுகிறது?

கனமான ஸ்பிரிங், பலமான பின் ஆக்சில், அதிகச் சுமை தாங்கும் சக்கரங்கள், எல்டி ரக (லைட் டிரக்குக்கான) டயர். 2021 மாடலில் சரியான அமைப்பில் வாங்கியிருந்தால் பேலோட் 3,325 பவுண்டு வரை போனது. அது எளிமையான வண்டிக்கான உச்சம். குடும்ப வண்டிக்கு அதைவிடக் குறைவு. அந்த மாடலில் நான்கு கதவு வண்டிக்கு வேண்டுமென்றால் ஆறரை அடித் தொட்டி எடுத்தாக வேண்டியிருந்தது. லிமிடெட் போன்ற ஆடம்பர ரகத்தில் கிடைக்கவில்லை. பனோரமா கண்ணாடிக் கூரையும் பேலோடும் ஒன்றாகக் கேட்கிறவர்களுக்கு என் அனுதாபம்.

அண்ணே, பின் ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றுப் பை (ஏர் பேக் ஸ்பிரிங்) மாட்டினால் போதாதா?

வண்டியின் பின்பக்கம் தாழாது, அவ்வளவுதான். ஸ்டிக்கரில் உள்ள வரம்பு ஒரு பவுண்டு கூட ஏறாது.

பழைய வண்டி பார்க்கிறேன். பேக்கேஜ் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

2014 வரையிலான தலைமுறை என்றால் சக்கரத்தின் நட்டுகளை எண்ணுங்கள். சாதாரண வண்டிக்கு ஆறு, இதற்கு ஏழு. 2015-க்குப் பிறகு இதற்கும் ஆறுதான், அதனால் ஸ்டிக்கரைப் பார்ப்பதே வழி.

பேசாமல் இதைவிடப் பெரிய டீசல் எஃப்-250 வாங்கிவிடலாமா?

ஃபிஃப்த் வீல் டிரெய்லர் (பின்தொட்டிக்குள்ளேயே இணையும் வகை) என்றால் யோசிக்கலாம். அதில் 15 முதல் 25 சதவீதம் எடை தொட்டியில் இறங்கும். 10,000 பவுண்டு டிரெய்லரே தொட்டியில் இறக்கும் எடை 2,000 பவுண்டைத் தாண்டிவிடலாம். ஆனால் டீசல் இன்ஜினே கனமானது. மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டு என்று பதிவான எஃப்-250 டீசலின் பேலோட், நல்ல பேலோட் பேக்கேஜ் உள்ள எஃப்-150-ஐ விடக் குறைவாக இருப்பதும் உண்டு. அங்கேயும் கதவைத் திறந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பேலோட் பேக்கேஜ் உள்ள எஃப்-150, டிரெய்லர் இல்லாத நாட்களில் குலுக்குமா?

குலுக்கும்.

எல்லாம் ஏற்றிய பிறகு எடையைச் சரிபார்ப்பது எப்படி?

நெடுஞ்சாலை டிரக் நிறுத்தங்களில் 'கேட் ஸ்கேல்' எடைமேடை இருக்கும். குடும்பத்தோடு, டிரெய்லர் மாட்டியபடி ஏறுங்கள். முன் ஆக்சில், பின் ஆக்சில், டிரெய்லர் என்று தனித்தனியாக எடை தரும். முதல் இரண்டையும் கூட்டி, கதவுத் தூணில் உள்ள மொத்த எடை வரம்போடு ஒப்பிடுங்கள். பின் ஆக்சிலுக்கு அங்கேயே தனி வரம்பும் இருக்கும், அதையும் பாருங்கள்.