சாலையில் காயும் நெல்

அன்புள்ள ஐயா,

பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து கேம்பர் வேனாக மாற்றியிருக்கிறோம். ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தில் இப்படிச் சுற்றுகிறவர்களின் காணொளிகளைப் பார்த்து வந்த ஆசை. இந்த ஐப்பசியில் நான், மனைவி, ஆறு வயது மகள் மூவரும் கல்லணையிலிருந்து பூம்புகார் வரை போகிறோம். எந்த வழி அழகு? இரவில் எங்கே நிறுத்தலாம்? போன வருடம் காரில் வந்தபோது பாதிச் சாலையில் நெல்லைக் கொட்டி வைத்திருந்தார்கள். பயணத்தின் சுகமே போய்விட்டது. இதையெல்லாம் கேட்க ஆள் இல்லையா?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள தம்பிக்கு,

பிள்ளையை ஓட்டல் அறையில் அடைக்காமல் ஆற்றோரமாகக் கூட்டி வருகிறீர்கள். ரொம்ப சந்தோஷம். ஆனால் இலை சிவந்து உதிர்வதைப் பார்க்க நினைத்து வராதீர்கள். ஐப்பசி இங்கே பச்சை பிடிக்கிற மாதம். ஒரு பக்கம் நீண்ட காலப் பயிரான சம்பா வளர்ந்து நிற்கும், இன்னொரு பக்கம் முதல் போகம் அறுத்த வயலில் இரண்டாம் போகமான தாளடி நடவு நடக்கும். வழி என்றால் கல்லணை, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை. ஐப்பசியின் கடைசி நாளான கடைமுகத்தன்று மட்டும் வண்டியோடு மயிலாடுதுறைக்குள் நுழையாதீர்கள். காவிரிப் படித்துறையான துலாக்கட்டத்தில் முழுக்குப் போட வரும் கூட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

உங்கள் கடைசி வரிகளுக்குத்தான் இந்தப் பதில். சாலையில் காயும் நெல்லைப் பற்றி எழுதவேண்டும் என்று கொஞ்ச நாளாகவே மனசில் இருந்தது.

நீங்கள் பார்த்தது குறுவை என்கிற குறுகிய காலப் பயிரின் நெல். ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்து, தண்ணீர் நேரத்துக்கு வந்து சேர்ந்தால் புரட்டாசியில் பெரும்பாலும் அறுத்துவிடலாம். தள்ளிப்போனால் அறுப்பு நேராக ஐப்பசி மழையில் போய் விழும். முன்பெல்லாம் அரிவாளால் அறுத்து, அறுத்த தாளைக் காயவிட்டு, கட்டுக் கட்டிக் களத்தில் அடித்தார்கள். இன்று அறுக்க ஆள் இல்லை. இயந்திரம் நிற்கிற பயிரை ஒரே மூச்சில் அறுத்து, தூற்றி, ஈரத்தோடு கொட்டிவிடுகிறது. அரசின் நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள்; மழை கெடுத்த வருடங்களில் தளர்வு கேட்டு மத்திய அரசுக்கு எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பழைய களங்கள் பல ஊர்களில் இல்லை. வயல் சேறு. காய்ந்த, மேடான, சூடு பிடிக்கிற தரை தார்ச்சாலை ஒன்றுதான். வேறு எங்கே காயவைப்பார்கள், சொல்லுங்கள்.

என் அத்தை பாதம் புதைய நெல்லில் இழுத்து இழுத்து நடப்பாள். பின்னால் இரண்டு வரி விழும். திரும்பி வரும்போது அவற்றுக்கு நடுவே இன்னும் இரண்டு. வெயில் சாய்கிற நேரத்தில் ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடிப்பாள். நறுக்கென்று உடைந்தால் மூட்டை பிடிக்கலாம். நசுங்கினால் இன்னொரு வெயில் வேண்டும். ஒரு ஐப்பசியில் கொள்முதல் நிலைய வாசலில் வரிசைக்குக் காத்துக் கிடந்த அவள் நெல் அடைமழையில் மாட்டிக்கொண்டது. படுதாவைத் தூக்கினால் குப்பென்று சூடு அடித்தது. அடி மூட்டைகளில் சாக்கைத் துளைத்துக்கொண்டு வெள்ளை வெள்ளையாக முளை. தேறியதை அள்ளிக்கொண்டுபோய் மறுபடி சாலையில்தான் கொட்டினாள். ஹாரன் அடித்தபடி ஒரு கார் அதன்மேல் ஏறிப் போனது. அந்தக் காரில் இருந்தவர்களும் பச்சைப்பசேல் என்று வயலைப் படம் எடுக்க வந்தவர்கள்தான்.

தம்பி, வயலில் நிற்கும்போது அழகு, அறுத்துச் சாலையில் பரப்பினால் இடைஞ்சலா? முதல் கியரில் ஓரமாகப் போங்கள். வழி இல்லையென்றால் இறங்கிக் கேளுங்கள், ஒதுக்கிக் கொடுப்பார்கள். இரவில் நெல்லைச் சுற்றிக் கல்லை வைத்துவிட்டுப் போவது மட்டும் பெரிய தப்பு. பைக்கில் வருகிறவர்கள் அதில் மோதிச் சாகிறார்கள். இதை எங்கள் ஊரிலேயே சண்டைபோட்டுச் சொல்லியிருக்கிறேன். கேட்க ஆள் வேண்டும் என்றால், ஊருக்கு ஊர் சிமெண்ட் களமும் நெல் உலர்த்தும் இயந்திரமும் எங்கே என்று கேளுங்கள். அத்தையை நிறுத்திக் கேட்காதீர்கள்.

இரவில் ஆற்றங்கரையிலும் வாய்க்கால் கரையிலும் நிறுத்தவே நிறுத்தாதீர்கள். இது களிமண் பூமி. பகலில் கெட்டியாகத் தெரியும். ஒரு மழைக்குச் சக்கரம் அச்சுவரை இறங்கிவிடும். கரை உடைப்பெடுக்கிற மாதமும் இதுதான். பெட்ரோல் பங்கில் கேட்டு நிறுத்துங்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும். கீழே ஒரு படித்துறையில் யாரோ குளித்துக்கொண்டிருப்பார்கள்.

தெற்கே வர ஒரு நாள் ஒதுக்குங்கள். மகளுக்கு வடுவூர் ஏரியில் பறவைகளைக் காட்டிவிட்டு, நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்புக்கு வாருங்கள். வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகிற இடம். எங்கள் வீடு அங்கிருந்து பக்கம்தான். முந்தின நாளே ஒரு வரி எழுதிவிடுங்கள், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் சொல்லிவைக்கிறேன்.