ப்ளே அமுக்குனா மீட்டர் ஓட ஆரம்பிச்சிடும்

கேள்வி: வருஷ சந்தா கட்டித்தான் அமேசான் ப்ரைம் வச்சிருக்கோம். ஆனா மக ஆசைப்பட்ட படத்துக்கு மட்டும் தனியா வாடகை கேக்குது. இது என்ன நியாயம்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: கோவம் வர்றது சகஜம்தாங்க, ஆனா ஏமாத்து வேலை இல்ல. அந்த ஆப்புக்குள்ள ரெண்டு கடை ஓடுது. ஒண்ணு சந்தாவுக்குள்ள வர்ற படங்க, இன்னொண்ணு 2022 ஏப்ரல்ல இந்தியாவுல ஆரம்பிச்ச வாடகைக் கடை. மெஸ்ஸுல மாசக் கணக்கு வச்சிருந்தாலும் ஆம்லெட்டுக்குத் தனியா காசு வாங்குவாங்கல்ல, அது மாதிரிதான்.

காசு கட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க. படம் 30 நாள் உங்க கணக்குல இருக்கும், ஆனா ப்ளே அமுக்குன நிமிஷத்துல இருந்து 48 மணி நேரம்தான் டைம். யூடியூப்ல வாடகைக்கு எடுத்தாலும் பொதுவா இதே கணக்குதான். நான் ஒரு ஆப்புல இப்படித்தான் மாட்டுனேன். சனிக்கிழமை ராத்திரி 11 மணிக்குப் படத்த போட்டு டைட்டில் கூட முடியல, ஊர்ல இருந்து மச்சான் வந்து நிக்கிறாரு, அப்பறம் பேச்சு காபி தூக்கம்னு போயி, 30 நாள் இருக்கேன்னு தெம்பா புதன்கிழமை தொறந்தா மறுபடி காசு கட்டச் சொல்லுது! விதிய படிக்காதது என் தப்புதான், யார குத்தம் சொல்ல? அதனால வீட்ல எல்லாரும் சாப்ட்டு முடிச்சு உக்காந்த பிறகு ப்ளே அமுக்குங்க. டப்பிங் படம்னா தமிழ் ஆடியோ இருக்கான்னும் முதல்லயே பாத்துடுங்க, போஸ்டர் தமிழ்ல இருக்கும், உள்ள போனா இந்தி பேசுவாங்க.

கேள்வி: மாசம் ஒண்ணோ ரெண்டோ படம்தான் பாப்போம். சந்தா லாபமா, வாடகையா?
– வாசகர், திருப்பூர்

பதில்: வாடகைதான், யோசிக்கவே வேணாம். அந்த வாடகைக் கடைக்கு ப்ரைம் சந்தாவும் தேவையில்ல. ஆனா வீட்ல யாராவது வெப் சீரிஸ் பைத்தியம் இருந்தா இந்தக் கணக்கு தப்பும்.

கேள்வி: இந்த மாதிரி படத்துக்குப் படம் காசு கட்டி வீட்லயே பாக்குறது இப்ப வந்த பழக்கமா?
– வாசகர், மதுரை

பதில்: நல்லா கேட்டீங்க! 2013லயே கமல் 'விஸ்வரூபம்' படத்த டிடிஎச்ல ஆயிரம் ரூபாய்க்குத் தர்றேன்னாரு, தியேட்டர்காரங்க விடல. 2015ல டைரக்டர் சேரன் சி2எச் (சினிமா டு ஹோம்)னு ஒரு திட்டம் ஆரம்பிச்சு தன்னோட படத்த டிவிடியாவே நேரா வீட்டுக்கு அனுப்புனாரு. 2020 லாக்டவுன்ல 'க/பெ ரணசிங்கம்' ஜீப்ளெக்ஸ்ங்கிற ஆன்லைன் தளத்துல ஒரு தடவ பாக்க 199 ரூபா.

அதுக்கெல்லாம் முன்னாடியே நம்ம வீடியோ கேசட் கடை இருந்துச்சே. எங்க தெருவுல ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு டிவி, டெக் (கேசட்ட போட்டு ஓட்டுற மிஷின்), நாலு கேசட்னு ஒரு ராத்திரிக்கு எடுப்போம். டெக்க துண்டுல சுத்தி சைக்கிள் கேரியர்ல கட்டி கொண்டு வர்றது எங்கப்பா வேலை, விடியறதுக்குள்ள நாலாவது கேசட்ட ரீவைண்ட் பண்ணி வைக்கிறது என் வேலை. அப்பவும் கடைக்காரர் கெடு வச்சிருந்தாரு, காலைல 7 மணி, ஆனா அவர்கிட்ட கெஞ்சுனா எட்டரை வரைக்கும் விடுவாரு.