இளைஞர் மன்றப் பிள்ளைகளுக்குக் கல்விக் கையேட்டை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கலாமா, பதிப்புரிமைச் சிக்கல் வருமா?

நீங்களும் எங்களைப் போல சாயங்காலம் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பவராகத்தான் இருப்பீர்கள். கையில் ஒரே கையேடு, எதிரே கூடம் நிறையப் பிள்ளைகள். அப்படி நினைத்துத்தான் எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை.

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில், ஆசிரியரோ மாணவரோ பாடத்துக்காக நகல் எடுப்பதற்கு விலக்கு இருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை மீது பெரிய பதிப்பகங்கள் போட்ட வழக்கில், 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம் இந்த விலக்கைத் தாராளமாகவே எடுத்துக்கொண்டது. ஆனால் அது பல்கலைக்கழகப் பாடத்திட்டம் சம்பந்தப்பட்டது. மன்றத்து வகுப்புக்கும் அப்படியே பொருந்தும் என்று நம்பி முழுக் கையேட்டையும் அடிக்காதீர்கள். வெளியிட்டவர்களுக்கு எழுதிக் கேளுங்கள்.

எங்கள் மன்றம் பென்னாகரம் பக்கம். வளரிளம் பெண்களுக்கான உடல்நலக் கையேடு ஒன்று எங்களிடம் இருந்தது, கடைகளில் கிடைக்காதது. தர்மபுரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நாங்கள் வழக்கமாகப் போகும் ஜெராக்ஸ் கடைக்காரர் அட்டையைத் திருப்பி, "அனுமதியின்றி நகலெடுக்கக் கூடாது" என்ற வரியில் விரலை வைத்தார். "லெட்டர் வாங்கிட்டு வாங்க சார், போட்டுத் தரேன்" என்றார். அந்த மனிதர் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. எத்தனை பிரதி, யாருக்கு, காசு வாங்க மாட்டோம் என்பதை எல்லாம் சொல்லிக் கடிதம் போட்டோம். விலை வைக்கக் கூடாது, பதிப்பு விவரப் பக்கத்தையும் சேர்க்க வேண்டும் என்று அனுமதி வந்தது. அதோடு திருத்திய பக்கம் ஒன்றும் வந்தது. எங்கள் பிரதி, பள்ளிகளில் வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் திட்டத்துக்கு முன்பே அச்சானதாம். கேட்காமல் அடித்திருந்தால் பழைய தகவலைத்தான் எல்லாப் பெண் பிள்ளைகளிடமும் கொடுத்திருப்போம்.

"ஏழைப் பிள்ளைகள் படிக்கிறதுக்கும் சட்டமா" என்று யாராவது கீழே வந்து திட்டுவீர்கள். அந்தக் கோபத்தை நூலகங்கள் பக்கம் திருப்புங்கள். சுதந்திர இந்தியாவில் முதன்முதலில், 1948-லேயே, பொது நூலகச் சட்டம் போட்டது நம் மாநிலம். வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி கட்டுகிறோம். அப்படியிருந்தும் எங்கள் பிள்ளைகள் வேலையும் பள்ளியும் முடிந்து போகிற நேரத்தில் நூலகம் பூட்டியிருக்கிறது. புதுக் கையேடு கேட்டால் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போகச் சொல்கிறார்கள். எழுதினால் மட்டும் வந்துவிடுகிறதா?

சரி, கேட்காமலே எடுக்கக்கூடியவையும் உண்டு. எழுதியவர் இறந்து 60 ஆண்டு கடந்த நூல்களும், தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியவையும் அப்படித்தான். பாரதி பாட்டுக்கு யாரையும் கேட்க வேண்டாம். ஆனால் உரையாசிரியர் உயிரோடு இருந்தாலோ, இறந்து 60 ஆண்டு ஆகவில்லை என்றாலோ அந்த உரைக்குக் கேட்க வேண்டும்.

கடிதத்துக்குப் பதில் வர நாளாகும். கோடை வகுப்புக்கு என்றால் மாசியிலேயே எழுதிப் போடுங்கள்.