பட்டாசுச் சத்தம்: எம்.பி.யிடம் எதைக் கேட்பது?

பட்டாசுச் சத்தத்தில் நாய் நடுங்குவதைப் பற்றி உங்கள் பிரிட்டன் எம்.பி.க்கு எழுதியும் ஒப்புக்கு ஒரு பதில்தான் வந்தது என்கிறீர்கள். முழு முகவரியும் அஞ்சல் குறியீடும் போட்டீர்களா? வேறு தொகுதிக்காரரின் விவகாரத்தை எடுப்பது அங்கே மரபில்லை.

"ஏதாவது செய்யுங்கள்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். கடைப் பட்டாசுக்கு உச்சவரம்பு 120 டெசிபல்; அதை 90 ஆகக் குறைப்பீர்களா என்று எழுத்துமூலக் கேள்வி போடச் சொல்லுங்கள். கேள்வி வணிகத் துறைக்குப் போகவேண்டும். விலங்குநலம்தானே என்று சுற்றுச்சூழல் துறைக்கு அனுப்பினால் கைமாறிக் கைமாறி நாள்தான் போகும்.

பின்வரிசை உறுப்பினருக்கு, அதாவது அமைச்சர் போன்ற பொறுப்பில் இல்லாத எம்.பி.க்கு, கிடைக்கும் நல்ல வாய்ப்பு, அவை கலையும் நேரத்து ஒத்திவைப்பு விவாதம். அரைமணி நேரம்தான், ஆனால் அமைச்சர் எழுந்து பதில் சொல்லியாகவேண்டும். 'எர்லி டே மோஷன்' என்று எம்.பி.க்கள் கையெழுத்திட்டு ஆதரவு காட்டும் தீர்மானம் ஒன்று உண்டு; அதில் அவர் போடும் கையெழுத்தோடு திருப்தி அடையாதீர்கள், அத்தகைய தீர்மானங்கள் விவாதத்துக்கு வருவதே அபூர்வம். நாய் தின்னாமல் கிடந்த தேதிகள், மருத்துவரின் மருந்துச் சீட்டு இரண்டையும் கடிதத்தோடு இணையுங்கள்; பேச்சில் எடுத்துச் சொல்ல அவருக்கு அதுதான் தேவை.